பரணி முடிந்த பிறகு

கட்டிலைத் தெருவுக்கு எடுக்கலாம் என்று ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கியபோதுதான் மணி அடித்தது. சமையலறை அலமாரியில் இருந்த சின்ன ஸ்பீக்கர், பழைய பஸ்ஸில் கயிற்றை இழுத்தாற்போல, 'டிங்' என்றது. கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விட்டார்கள். குமரவேல் இடுப்பில் செருகியிருந்த போனும், அவன் தங்கை பானுப்ரியாவின் கையில் இருந்த போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. இரண்டிலும் ஒரே வரிதான்: 'நைனா கூப்பிடுறாரு.'

நைனா ஐஸ் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கட்டில்ல சுவிச்சு கட்டிக் கீது. என் முட்டி பட்டுட்டுது" என்றார் தீனதயாளன் சித்தப்பா, இறந்துபோன சிங்காரத்தின் தம்பி. "அந்த ஒயரை மொதல்ல அவுருங்கப்பா."

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் இருந்த அவர் மனைவி வள்ளிநாயகி மட்டும் திடுக்கிடவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே அடிக்குது" என்றாள். "பாருங்கடி, எப்படி அடிக்குதுன்னு. அவருதான் அடிக்கல. ஒரு மணி அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பேனே..."

"தூக்கத்துலயே போன உசுரு வள்ளி, புண்ணியவான்" என்று பக்கத்து வீட்டுக் கமலா அவள் முதுகைத் தடவினாள். "நோவுன்னு ஒண்ணு இருந்தா அடிக்காம இருப்பாரா? பொண்ணு மெட்ராஸ்ல இருந்துகினே அப்பனுக்கு மிஷின் வச்சிப் பாத்துகினா. எத்தினி பேருக்குக் கிடைக்கும் இது?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பானுவைப் பார்த்தார்கள். மெச்சிக்கொள்ளும் பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா?

மணி இப்போது நன்றாக அடிப்பதற்குக் காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். நேற்றுச் சாயங்காலம், செய்தி கேட்டு ஓடிவந்த ரயிலில், அரக்கோணம் தாண்டிய பிறகு, கழிவறைப் பக்கம் நின்றுகொண்டு அதை மறுபடி ஓடவிட்டவள் அவள்தான். காலையில் நிறுத்தியவளும் அவள்தான்.

சிங்காரம் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையே ஓடிய தனியார் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். வாய் ஓயாத மனுஷன். சில்லறைக்குச் சண்டை போடுவார், சண்டை போட்டவனுக்கே அடுத்த நாள் சீட் பிடித்து வைப்பார். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோனபோது இடது கைக் கட்டைவிரல் மட்டும் சொன்னதைக் கேட்டது. அந்த ஒரு விரலுக்காகத்தான் பானு அந்த மிஷினைச் செய்தாள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் சிவப்புப் பொத்தான். பொத்தானை அமுக்கினால் சமையலறையில் மணி அடிக்கும், பிள்ளைகள் இருவர் போனுக்கும் செய்தி போகும். மணிக்குப் பஸ் சத்தம்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார். பேச்சு இல்லாமலே அடம்பிடிக்க அவருக்குத் தெரியும்.

அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. சென்னையில் தன் லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, வீட்டு மிஷினின் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், அவள் கை அந்த அலமாரிவரை நீண்டுவிடும். சூடு எவ்வளவு, மெமரி கார்டில் இடம் எவ்வளவு, மணி ஓடுகிறதா என்று ஒவ்வொரு வரியில் கேட்பாள், அதுவும் ஒவ்வொரு வரியில் பதில் சொல்லும். குமரவேலுக்கும் நாலைந்து கட்டளைகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஸ்டேட்டஸ் என்றால் நலமா என்று கேட்பது, ரீஸ்டார்ட் என்றால் தட்டி எழுப்புவது. ஷட்டவுன் கொடுக்காமல் ஒயரைப் பிடுங்கினால் கார்டு கெட்டுப்போகலாம், அது மட்டும் கூடாது. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி பழுது பார்க்கிறவன் அவன். "தறியை விட இது ரொம்ப மரியாதையான மிஷினு" என்று சிரிப்பான்.

ஆனால் பொத்தான் கைக்கு வந்த பிறகு சிங்காரம் மறுபடி கண்டக்டர் ஆகிவிட்டார். தண்ணி வேண்டும் என்றால் ஒரு மணி. தண்ணி குடித்து முடித்தால் இரண்டு மணி, போலாம் ரைட். ஃபேனுக்கு ஒன்று, ஃபேன் போட்டாச்சு என்பதற்கு இரண்டு. சும்மா படுத்திருக்கும்போதும் ஒன்று. வள்ளிநாயகி ஓடிவந்து "இன்னா?" என்றால் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இரண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் சென்னையில் பானுவின் திரையில் நைனா கூப்பிடுவார். முதல் மாதம் அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது.

நேற்றுக் காலை அவள் தன் திரையை வெளிநாட்டுக் கஸ்டமருக்குக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை மூலையில் இங்கிலீஷ் எழுத்தில் 'நைனா' என்று ஒரு பெட்டி எழும்பியது. மறுபடி ஒன்று. அப்புறம் சேர்ந்தாற்போல் இரண்டு. தமிழ் தெரியாத மேனேஜர் அதைப் பெண் பேர் என்று நினைத்து, இங்கிலீஷில் கேட்டுச் சிரித்தார். "யாரும்மா இந்த நைனா, விடமாட்டேங்கறா? ஃப்ரெண்டா?" மற்றவர்களும் சிரித்தார்கள்.

என் அப்பா என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு முடியவில்லை, தண்ணி கேட்கிறார் என்று சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேரும் வாயை மூடியிருப்பார்கள். பானுவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "டெஸ்ட் அலர்ட் சார். தப்பா வருது, நிறுத்திடறேன்" என்றாள். கறுப்புத் திரையைத் திறந்து, ஸ்டாப் என்று கட்டளை கொடுத்தாள். பெற்ற அப்பனைத் தப்பான அலர்ட் என்று சொல்ல அவளுக்கு நாக்குக் கூசவில்லை. அப்போது கூசவில்லை.

மீட்டிங் முடிந்ததும் ஓடவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். மறந்தாலும் மோசமில்லை என்றும் ஒரு கணக்கு இருந்தது. லைன் வேலை நடப்பதால் அந்த வாரம் முழுக்கத் திருத்தணியில் உச்சிவேளைக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்தால் மிஷின் தானாக எழும், எழும்போது மணியையும் தானாக எழுப்பிக்கொள்ளும். ஸ்டாப் என்பது அடுத்த விழிப்புவரைதான். தொழில் தெரிந்தவள் போட்ட கணக்கு அது. ஆனால் போன வாரம்தான் குமரவேல் அந்த மிஷினை இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தான், கரண்ட் போனாலும் நைனா மணி அடிக்கணும் என்று. போனில் அவளிடம் சொல்லவும் சொன்னான். வேறு எதையோ பார்த்துக்கொண்டு "ம்" என்றிருந்தாள்.

கரண்ட் போயிற்று. மிஷின் அணையவில்லை, அதனால் மறுபடி எழவும் இல்லை. இரண்டு மணிக்குச் சோறு ஊட்டப் போன வள்ளிநாயகி கத்தினாள்.

கட்டில் தெருவுக்குப் போன பிறகு சித்தப்பா தினசரிக் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நேற்றைய தாளைக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"நேத்து உச்சிவரைக்கும் பரணி. அப்புறந்தான் கிருத்திகை. பரணின்னா ஒண்ணுமில்ல. கிருத்திகையில போயிருந்தா மூணு மாசம் அடைப்பு. அந்த ரூம மூடிப்புடணும், உள்ள யாரும் பொழங்கக் கூடாது."

"கிருத்திகையில போனா முருகனே கூப்பிட்டுகினாருன்னு தானே சொல்லுவாங்க?" என்றாள் கமலா. நேற்றுக் கிருத்திகைக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. தெருமுனையில் வெளியூர் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"சொல்லிக்கலாம். சாத்திரம் ஒத்துக்கணுமே. கூடமும் ஒரு ரூமும் இருக்கற வூட்ல ரூம மூடிட்டு எங்கம்மா பொழங்கறது?" சித்தப்பா பானுவிடம் திரும்பினார். "பாப்பா, உன் மிஷினுக்குத் தெரியுமில்ல? அண்ணன் கடைசியா எப்போ பெல்லு அடிச்சாருன்னு பாத்துச் சொல்லு."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். குமரவேல் எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றான் தணிந்த குரலில். "தறிச் சத்தத்துல போன் அடிச்சது கேக்காம விட்டுட்டனோன்னு ராத்திரி முழுக்க எடுத்து எடுத்துப் பாக்கறேன் பானு. காலையில வந்ததுக்கு மேல ஒண்ணும் வரல. இருந்தாலும் மனசு கேக்கல. நீ பாரு."

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக் கறுப்புத் திரையைத் திறந்தாள். மிஷின் தனக்கு நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கும். மணி அடித்தது, நின்றது, யார் கட்டளையில் நின்றது, யார் கட்டளையில் எழுந்தது எல்லாம் வரும். கேட்டால் அப்படியே கொட்டும். அண்ணன் தோளுக்குப் பின்னால் இருக்கிறான், ஸ்டாப், ஸ்டார்ட் என்ற இரண்டு சொல்லும் அவனுக்கு நன்றாகத் தெரியும். பானு ஒரு வரி அதிகமாகத் தட்டினாள். பொத்தான் அமுக்கிய வரிகளை மட்டும் எடு, மற்றதெல்லாம் வேண்டாம். ஆபீசில் நாள் முழுக்கச் செய்கிற வேலைதான்.

திரையில் நேற்றுக் காலை வரிகள் நின்றன. அவற்றுக்குக் கீழே இன்றைய வரி ஒன்று, சித்தப்பாவின் முட்டி அடித்தது.

"பத்தரை தாண்டி ரெண்டு தரம் சேத்து அடிச்சிருக்காரு" என்றாள். "அதுக்கப்புறம் இல்ல."

"அவ்ளோதான்! அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் அடிக்கற ஆளு. அதுக்கப்புறம் அடிக்கலன்னா பதினொண்ணுக்குள்ள அடங்கிட்டுது. பரணி" என்று சித்தப்பா காலண்டரை மடக்கினார்.

குமரவேல் நீளமாக மூச்சு விட்டான். மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தங்கை தலையில் ஒருதரம் கை வைத்துவிட்டு எழுந்து போனான். அந்தக் கை பட்ட இடம் பானுவுக்கு எரிந்தது. அம்மா மட்டும் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் இல்லாத தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அம்மாவின் நிம்மதிக்காகத்தான் மறைத்தேன் என்று பானு தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நைனா தூக்கத்திலேயே போனார் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதானே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பிடுங்கி என்ன செய்ய? நல்ல சமாதானந்தான். அதற்குள் தன் பயமும் ஒளிந்திருப்பது தெரிந்ததால் அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

வாய்க்கரிசி போட்டார்கள். மேளம் தெருமுனை திரும்பி, வேன் ஹாரன்களோடு கலந்து, தேய்ந்து போனது. ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். கமலா மிச்சத் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். வள்ளிநாயகிக்குக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற பானு போனாள்.

முதல் சொம்பு ஊற்றியதும் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பானு. உங்கிட்ட மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

"இன்னாம்மா?"

"அவரு பரணியில போகல."

பானு சொம்பைக் கீழே வைத்தாள்.

"கிருத்திகையாச்சேன்னு வடைக்கு அரைச்சிகினு இருந்தேன். கரண்ட் போச்சு, கிரைண்டர் நின்னுச்சு. நின்ன ஒடனே வூடே அமைதியாயிடுமே, அப்போ ரூம்ல டம்ளர் உருள்ற சத்தம் கேட்டுச்சு. பூனைன்னு நெனச்சேன்னு சொன்னா பொய்யி. அவருதான்னு எனக்குத் தெரியும்." அம்மா கிணற்றுச் சுவரைப் பார்த்தே பேசினாள். "வேணும்னா பெல்லு அடிப்பாரு இல்ல, அடிக்கட்டும்னு மாவ வழிச்சிகினு இருந்துட்டேன். அடிக்கல. சரி, ஒண்ணுமில்லன்னு நெனச்சிகினேன்."

"அம்மா..."

"கேளு. நேத்து பத்து பத்தரையிலருந்தே அடிக்கல. இத்தினி நாளா அந்த மணிக்கு ஓடி ஓடி என் காலு வுட்டுப்போச்சுடி. இன்னிக்கு ஒருநாள் சும்மா கீறாரேன்னு எனக்கு அது சொகமா இருந்துச்சு. புருசன் சாகக் கெடக்கறான், எனக்குச் சொகமா இருந்துச்சு." ஈர முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "வர்றவங்க எல்லார்கிட்டயும் பெல்லு அடிக்கல, பெல்லு அடிக்கலன்னு சொல்லிகினே இருக்கேன். நான் போய்ப் பாக்கலன்னு யாரும் கேட்டுடக் கூடாதே."

அம்மாவின் முதுகு எலும்பு ஈரப் புடவைக்குள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காலையிலிருந்து தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தது அம்மாவின் நிம்மதியை அல்ல, அவள் கழுத்தில் கட்டின கல்லை. பானுவுக்கு அது விளங்கியது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். இப்போது பேசாமல் இருந்தால் அம்மா சாகிறவரை அந்தக் கல்லைச் சுமப்பாள். பேசினால் அது தன் கழுத்துக்கு வரும். அவ்வளவுதான் விஷயம். அதற்கும் அவளுக்கு இத்தனை நேரம் ஆயிற்று.

"நீ கேக்காம விட்டது இல்லம்மா. மணி அடிச்சிருக்காது. நான் காலையிலயே அத நிறுத்திட்டேன்."

அம்மா திரும்பினாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க. நைனா பேரு வந்துகினே இருந்துச்சு. சிரிச்சாங்க. எனக்கு வெக்கமா போச்சு. நிறுத்திட்டேன். ஓட வுட மறந்துட்டேன். நேத்து ரயில்லருந்துதான் திரும்ப ஓட வுட்டேன், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

கமலாவின் துடைப்பச் சத்தம் வாசலில் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா தன் கையை அவள் மணிக்கட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"அப்போ அடிச்சிருப்பாரு" என்றாள்.

"தெரியாதும்மா. நின்னுட்டா அது எதையும் எழுதி வைக்காது. அடிச்சாரா இல்லையான்னு இனிமே யாராலயும்..."

"அடிச்சிருப்பாரு" என்றாள் அம்மா மறுபடியும். மிச்சத் தண்ணீரைத் தானே தலையில் ஊற்றிக்கொண்டாள். முடியைப் பிழிந்து முடிந்துகொண்டு உள்ளே போனாள். அறை வாசலில் நின்று ஒருதரம் சுற்றிப் பார்த்தாள்.

"கிருத்திகைதான். அவரு போன நேரத்தையாவது மாத்த வேணாம். வா, ரூம மூடறதுக்கு முன்ன அரிசி டிரம்ம வெளிய இழுக்கணும். அந்தப் பக்கம் புடி."

இரண்டு பேருமாக டிரம்மைச் சாய்த்து உருட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பீரோவிலிருந்த துணிகள், பாய்கள், குமரவேலின் ஸ்பேனர் பை. கமலா துடைப்பத்தோடு வந்து பார்த்து, கேட்க வாயெடுத்து, வள்ளிநாயகியின் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டாள்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி, காலுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வாசற்படி ஏறினார்கள். கழுவின கூடத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்த சாமான்களைப் பார்த்துச் சித்தப்பா நின்றார்.

"இன்னா அண்ணி இது? பரணின்னுதானே முடிவு பண்ணோம்?"

அம்மா வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. பானு எழுந்து நின்றாள்.

"நான் சொன்னது தப்பு சித்தப்பா. உச்சிக்கு மேலதான்."

"மிஷினு தப்பா காட்டுச்சா பாப்பா?"

"மிஷினு சரியாத்தான் இருந்துச்சு." பார்வையைச் சித்தப்பாவிடமிருந்து எடுத்து, மழித்த தலையும் ஈர வேட்டியுமாக நின்ற அண்ணனிடம் கொண்டுபோனாள். "நேத்து காலையில பெல்ல நான்தான் நிறுத்தினேன். நைனா அடிச்சிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. உன் போனுக்கும் வந்திருக்காது அண்ணா."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குமரவேல் அவளைப் பார்க்கவே இல்லை. டிரம்மைச் சுற்றிக்கொண்டு போய் அறைக் கதவைப் பிடித்து இழுத்தான். நைனா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து சாத்தாத கதவு அது. பாதியில் தரையில் சிக்கி நின்றது. தோளைக் கொடுத்துப் பார்த்தான். பானு போய்ப் பக்கத்தில் கை வைத்தாள். அவன் விலகி, அவளுக்கு இடம் விட்டு, வாசலுக்குப் போய்விட்டான்.

அவள் ஒருத்தியாகவே தள்ளினாள். கதவு கிறீச்சிட்டு நிலையில் பொருந்தியது. தாழ்ப்பாள்தான் துருப்பிடித்து நகரவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, விரல் நுனி சிவக்க அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, அவள் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.